காட்டேரிக்கு வேலையில்லாத ஆபரேஷன்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் காட்டேரியிடம் கீழ் இமையைக் காட்டாத மனிதர் ஒருவர்கூட இருக்க முடியாது. டீக்கடை, பஸ் நிலையம், எங்கே எதிர்ப்பட்டாலும் கட்டைவிரலால் நம் இமையை இழுத்துப் பார்ப்பார். சிவந்திருந்தால் ரத்தம் கொடுக்கப் பிடித்துவைப்பார். வெளிறியிருந்தால் முருங்கைக்கீரை தின்னச் சொல்லித் திட்டுவார். பாளையம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் மணமேடை ஏறி மாப்பிள்ளையின் இமையையே இழுத்தார். "சோகை. தாலி கட்டட்டும், பாதகமில்ல" என்று தீர்ப்பும் சொன்னார்.

தறிக்கூடங்களுக்கு நூல் ஏற்றும் வேன் அவருடையது. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் நூலை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவார். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

என் தங்கை மகளுக்குக் கைக்குழந்தையிலேயே மண்டையோட்டில் ஆபரேஷன் என்றார்கள். எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதால் மூளை வளர இடமில்லை. அந்தச் சின்ன உடம்பில் இருப்பதே சில டம்ளர் ரத்தம். அதில் கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

நாள் குறிக்கப் போன அன்றே காட்டேரி ஒரு வேன் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

"ஆபரேஷன் அடுத்த மாசந்தாங்க" என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் இரும்புச்சத்து மருந்து குடுங்க. அன்னைக்கு ரத்தப்போக்கக் குறைக்க ஊசி போடுவோம். வெளிய வர்ற ரத்தத்தையும் சுத்தம் பண்ணி அவளுக்கே ஏத்துவோம். அடுத்தவங்க ரத்தம் ஏத்தாம முடிக்கத்தான் பாப்போம்."

"அப்ப நாங்க எதுக்கு?"

"அவசரத்துக்கு ரெண்டு பேரு இருந்தாப் போதும்."

திரும்பும்போது ஒரு தறிக்காரர், "ஏலே காட்டேரி, ஒம்பொழப்புல மண்ணு விழுந்துருச்சே" என்றார். வேன் சிரித்தது. என் பக்கத்திலிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "காட்டேரி மக பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போயிருச்சு. ஆளு தேடி இவுக வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று என் காதில் சொன்னார்.

மறுநாள் முதல் மருந்து ஊட்டும் வேலையைக் காட்டேரி எடுத்துக்கொண்டார். குழந்தை துப்பித் துப்பி அவருடைய சட்டைகள் எல்லாம் கறையாயின. மலம் கறுப்பாகப் போகிறதே என்று தங்கை பயந்தபோது, "அப்ப மருந்து புடிக்குது தாயி" என்று பூரித்தார். அந்தச் செய்தியைத் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியும் வந்தார்.

ஆபரேஷன் அன்று இரண்டு பேருக்குப் பதில் ஏழு பேரைக் கூட்டி வந்தார். மதியத்துக்குமேல் டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்லாயிருக்கா. ரத்தம் ஏத்தவே இல்ல."

தங்கை தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். காட்டேரி டாக்டரம்மாவின் பின்னாலேயே போனார்.

"அந்த ஊசி இப்பத்தான் வந்துச்சா?"

"இல்லங்க, ரொம்ப வருசமா இருக்கு. பிரசவத்துல ரத்தம் நிக்கலைன்னாலும் போடுவோம்."

"அப்பிடியா" என்றார். வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று கீழே இறங்கிப் போனார். வெகுநேரம் பார்த்தார். நான் கூப்பிடப் போகவில்லை.

தழும்பு ஆறிய பிறகு திருச்சுழிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் குழந்தைக்குக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் காட்டேரி கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடினாரே தவிர, குழந்தையைப் பிடித்திருந்த கை அசையவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும், தாய்மாமன் நான். அன்று நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.