சிவப்புப் பெட்டியும் சங்கத் தலைவரும்

பிரிவு, உட்பிரிவு, உட்பிரிவுக்கும் உள்ளே ஒரு பிரிவு என்று எந்த வாக்கியத்தையும் நிம்மதியாக நடமாட விடாத மேன்மை பொருந்திய பெரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகள் வாலு பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். இந்த வரியை எல்லாரும் கடிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். நான் இந்த முறை பக்கத்து அறையில் அப்பா மூச்சு விடுகிற சத்தத்துக்குக் காது கொடுத்து, அது குறட்டைதான், வேறொன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுதினேன். காரணம் கீழே வரும்.

முதலில் தாங்கள் இட்ட வேலை. 'பல் நோயாளிகள் நலச் சங்க'த்தின் தலைவரைத் தேடிப்பிடித்து, விழா அழைப்பிதழை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தீர்கள். அவசர சிகிச்சைச் சட்டம் வந்து ஓராண்டு நிறைகிறது, மசோதாவாக இருந்தபோதே மிகச் சிறந்த கருத்து சொன்ன பொதுமக்களில் ஒருவர் என்று அவருக்கு மேடையில் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். போனேன் மாமா. சைக்கிள் கடைக்கு மேலே அந்த மாடி அறை பூட்டிக் கிடந்தது. தலைவர் முதுமை காரணமாக மகனோடு வெளிநாட்டுக்குக் குடிபோய்விட்டார் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். ஆகவே அவர் வரமாட்டார். அழைப்பிதழைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. அதைத் தோண்ட வேண்டாம்.

இனி என் விஷயம். தங்கள் தொழிலை நான் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன் என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். சட்டசபைக்குப் போகிற மசோதாவுக்கு வார்த்தை தைத்துக் கொடுக்கிற வேலை என்று நீங்கள் சொன்னபோது, "மசோதாவில் பாதி சோதாதானே மாமா" என்றேன். ஒரு வாக்கியத்துக்குப் பதினோரு மாதம் ஆனது என்றபோது, "குதிரை குட்டி போடவே அவ்வளவுதான் மாமா ஆகும்" என்றேன். எங்களுக்குப் பிரிவு என்றால் கண்ணீர், உங்களுக்குப் பிரிவு என்றால் நம்பர் என்றும் சொல்லியிருக்கிறேன். சட்டம் நிறைவேறிய கையோடு போன வருஷம் வந்தபோது எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, சட்டத்தின் கடைசியில் இருக்கிற பட்டியலை முழுசாக வாசித்துக் காட்டினீர்கள். வைத்தியம் பார்க்கிற இடம் என்று பலகை மாட்டிய ஒவ்வொருவரும் ஒரு சிவப்புப் பெட்டி வைத்திருக்க வேண்டும், அதில் இன்னின்ன மருந்து, இன்னின்ன ஊசி, ஒரு சின்ன ஆக்சிஜன் உருளை, அடுத்தடுத்து என்ன செய்வது என்று பெரிய எழுத்தில் நீங்களே எழுதின ஒரு அட்டை. உயிருக்குப் போராடி யார் வந்தாலும் முதலில் வைத்தியம், அப்புறம்தான் பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கிறவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது. அதுவரைக்கும் கேட்ட அப்பா, "பல்லு புடுங்குற இடத்துலயுமா மச்சான்? அடுத்தது முடி வெட்டுற கடையா?" என்றார். நீங்கள் கோபப்படவில்லை. முதலில் எழுதினபோது பல் மருத்துவமனைகளை நீங்களே விட்டுவிட்டதாகவும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது ஒரு சங்கத் தலைவர் நாற்பது கருத்து அனுப்பியதாகவும், நாற்பதுக்கும் தனித்தனியே பதில் எழுதியதாகவும், அதில் முப்பத்தொன்றாவது கருத்துதான் கண்ணைத் திறந்தது என்றும் சொன்னீர்கள். அப்போது எனக்குப் புரையேறியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. பள்ளி விடுமுறை என்பதால் ஏணி பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையின் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுத் தான் எழுதின புதுசை மாட்டிக்கொண்டிருந்தார். பழைய பலகைக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் வாடகை இல்லாமல் குடியிருந்தது அவருக்குத் தெரியாது. குளவிக் கூடு. கழுத்தில் மூன்று, காதில் ஒன்று. பலகையைக் கீழே போடாமல் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார், அப்பாவைப் பத்தித் தெரியும்தானே. "ஒண்ணுமில்ல, எறும்பு மாதிரிதான்" என்றார். எறும்பு கடித்த காது அஞ்சு நிமிஷத்தில் அந்த சைஸுக்கு வராது. உதடும் வீங்க ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன்? கிண்டல் பண்ணினேன் மாமா. "அப்பா, நீங்க லிப்ஸ்டிக் விளம்பரத்துக்கு வரைஞ்சீங்களே ஒரு உதடு, அது இப்ப உங்ககிட்டயே வந்துடுச்சு" என்றேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சிரிப்பாக வெளியே வரவில்லை. விசில் மாதிரி வந்தது. அப்புறம் ஏணியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். என் வாய் இருக்கிறதே, பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக மூடியது.

பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் நானுமாக அப்பாவைப் பக்கத்துக் கதவுக்குள் இழுத்துக்கொண்டு போனோம். அது பல் மருத்துவமனை. வேறு எங்கேயும் போக நேரமில்லை. வரவேற்பு மேஜை அக்கா தலையைத் தூக்காமலே, "டோக்கன் போட்டீங்களா? எந்தப் பல்லு?" என்றார். "பல்லெல்லாம் நல்லா இருக்குக்கா, மூச்சுதான் இல்ல" என்றேன். அக்கா நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து இரண்டே வார்த்தை சொன்னார்: "டாக்டர், பெட்டி."

பெயர் கேட்கவில்லை மாமா. முகவரி கேட்கவில்லை. இது பல் டாக்டர் இடமாச்சே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உள்ளே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு அம்மா படுத்திருந்தார். "மேடம், கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார் டாக்டர். எழுந்து திரும்பினால், எங்கள் பள்ளித் தலைமையாசிரியை. பாதி முகம் மரத்துப்போய், கன்னத்தில் பஞ்சு, பல்லில் பாதி அடைத்த குழி. என்னைப் பார்த்து "நீயா" என்று ஆரம்பித்தார், "ஈயா" என்று வந்தது. மற்ற நாளாக இருந்தால் அதை வைத்து நான் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.

அந்த நாற்காலி இருக்கிறதே, அதைத் தட்டையாகச் சாய்த்தார்கள். தலைமையாசிரியை, யாரும் கேட்காமலே, அப்பாவின் இரண்டு காலையும் பெயிண்ட் படிந்த செருப்போடு தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அக்கா ஜன்னல் ஓரத்தில் பூந்தொட்டிக்கு மேடையாக இருந்த சிவப்புப் பெட்டியை, தொட்டியை எங்கே தள்ளினார் என்று எனக்குத் தெரியாது, தூக்கிக்கொண்டு வந்து திறந்தார். மூடியின் உள்பக்கம் அந்த அட்டை. டாக்டர் ஊசியை எடுத்து, எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லுக்கு மரத்துப்போற ஊசி தவிர வேற ஊசி போட்டு இருபது வருஷம் ஆச்சு" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. அக்கா அட்டையை உரக்கப் படித்தார். "அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத்தில் குத்துக. துணியை அகற்றக் காத்திருக்க வேண்டாம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன் தெரியுமா மாமா? அது உங்க குரல். அக்கா வாயில் உங்க குரல். நீங்க எங்க வீட்டுக்கு வந்தா இப்படித்தானே பேசுவீங்க, "கதவைச் சாத்துக. விளக்கை அணைக்க மறக்க வேண்டாம்" என்று, நானும் அம்மாவும் சமையலறையில் உங்களை மாதிரியே பேசிச் சிரிப்போமே, அந்தக் குரல். அத்தனை தூரத்தில் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து நீங்க எழுதினது, அங்க கூடியிருந்த அத்தனை பேருக்கும் அடுத்தது என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டிருந்துச்சு. டாக்டர் பேன்ட்டோட சேர்த்துக் குத்தினார். "ஆக்சிஜன் வைக்கவும்." வைத்தார். "நேரத்தைக் குறிக்கவும்." அக்கா குறித்தார். "ஐந்து நிமிடத்தில் மாற்றம் இல்லையெனில் மீண்டும் ஒருமுறை." அந்த அஞ்சு நிமிஷம் நான் அப்பா நெஞ்சையே பார்த்துக்கிட்டு நின்னேன். அதுல விசில் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் ஆயிரம் விளையாட்டு விளையாடியிருக்கேன் மாமா, அந்த விசில் நிக்கவும் கூடாது, நிக்காமலும் இருக்கக் கூடாதுன்னு நின்ன மாதிரி ஒரு நிலைமை எனக்கு வந்ததே இல்ல. நாலாவது நிமிஷம் அது கொஞ்சம் கொஞ்சமா மூச்சா மாறிச்சு. அப்பா கண்ணைத் திறந்தார். முதல் வார்த்தையா என்னைப் பார்த்து, "ஏணி தெருவுல நிக்குது" என்றார். தலைமையாசிரியை காலைத் தோளிலிருந்து இறக்காமலே அழுதார். அவருக்குப் பாதி முகம்தான் அழுதது.

இன்னும் முடியலை. ஆம்புலன்ஸ் வந்ததும் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் எங்களோடு ஏறிவிட்டார். "மேடத்தோட பல்லு?" என்று அக்கா கேட்டதற்கு, "ஒப்படைக்கிற வரைக்கும் நான்தான் பொறுப்பு, சட்டம்" என்றார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு இளம் டாக்டர், "யார் அனுப்பினது, அடையாள அட்டை எங்க, அங்க போய் முதல்ல பதிஞ்சுட்டு வாங்க" என்று ஆரம்பித்தார். நம்ம பல் டாக்டர், அவ்வளவு நேரம் பயந்துக்கிட்டிருந்த மனுஷன், ஒரு சீட்டை நீட்டினார். "ஊசி போட்ட நேரம் இதுல இருக்கு. நீங்க வாங்கிக்கிட்ட நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்தது அப்புறம். ஒன்பதாவது பிரிவு." அந்த டாக்டர் அவரையும், மேலங்கியில் ஒட்டியிருந்த தலைமையாசிரியையின் பல் சிமெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். சக்கரப் படுக்கை உருண்டது. அதுக்கப்புறம் யாரும் எங்களை எங்கேயும் நிறுத்தலை. மறுநாள் மதியம் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பல் டாக்டர் சொன்னார்: "இந்தச் சட்டம் வந்தப்ப நான் திட்டாத நாள் இல்லம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பெட்டி வாங்கினேன். போன மாசம் சுகாதார ஆய்வாளர் வந்து, மருந்து தேதி முடிஞ்சு போச்சுன்னு நோட்டீஸ் கொடுத்துட்டுப் போனார். அன்னிக்குத்தான் புது மருந்து வச்சேன். எழுதினவன் மட்டும் கையில கிடைச்சா இருக்கு அவனுக்குன்னு கறுவிக்கிட்டே வச்சேன்." அது எங்க மாமாதான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது, என் பெயர் கெட்டுப்போகும்.

அதிலிருந்து ஒரே யோசனை மாமா. யார் யாரோ ஒரு மண்டபத்தில் கூடி, கையைத் தூக்கி, சரி என்று சொல்கிறார்கள். எங்கள் தெருவை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. அந்தச் சரி ஒரு தாளாகி, தாள் ஒரு பெட்டியாகி, பெட்டி பூந்தொட்டிக்குக் கீழே ஒரு வருஷம் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, என் அப்பா வந்ததும் திறக்கிறது. பயந்த ஒரு மனுஷரைப் பிடித்து, நீ பயப்படலாம், ஆனா போகக் கூடாது என்கிறது. இதைத்தான் நான் இத்தனை நாள் நம்பர் போட்ட வாக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இப்போது படுக்கையில் உங்கள் சட்டத்தை ஒன்றாம் பக்கத்திலிருந்து படிக்கிறார். "உங்க அண்ணன் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறாரு" என்றார் அம்மாவிடம். அப்புறம், "எழுதட்டும்" என்றார். எழுந்து நடமாடியதும் முதல் வேலையாகப் பல் மருத்துவமனைக்கு ஒரு பலகை எழுதப்போகிறாராம்: 'சிவப்புப் பெட்டி இங்கே உண்டு.'

மாமாவின் பேனா வற்றாமல் இருக்கட்டும், அத்தைக்கு என் அன்பு, குட்டிப் பயலுக்கு ஒரு கிள்ளு. அம்மா தன் பங்குக்கு விசாரித்ததாக எழுதச் சொல்லி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
இனி தங்களைக் கிண்டல் செய்வதாக இல்லாத (இந்த மாதம் மட்டும்)
தங்கள் மருமகள்,
வாலு

பின்குறிப்பு: மேலே மூன்றாவது பத்தியில் எழுதியது அத்தனையும் பொய். தலைவர் வெளிநாட்டில் இல்லை. அவருக்கு மகனும் இல்லை, முதுமையும் இல்லை, பதினொன்றாம் வகுப்புத்தான் படிக்கிறார். பொதுமக்கள் யார் எழுதினாலும் ஒவ்வொரு கருத்துக்கும் நீங்கள் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று அம்மா போனில் பேசும்போது ஒட்டுக்கேட்டேன். உங்களைக் கொஞ்சம் அலைக்கழிக்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் சங்கத்தைத் தொடங்கி, தலைவராகி, இடது கையால் கையெழுத்துப் போட்டு, நாற்பது கருத்து அனுப்பினது நான்தான். பதில்களைச் சைக்கிள் கடைக்காரர் வாங்கி வைத்துக் கொடுப்பார். 'டாக்டர் கையெழுத்தைப் படிக்க நோயாளிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி' என்ற கருத்துக்கு, 'பரிசீலித்தோம், ஏற்பதற்கில்லை, எனினும் தங்கள் வேதனை புரிகிறது' என்று எழுதியிருந்தீர்களே, அதை இன்னும் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாவது மட்டும் விளையாட்டு இல்லை. அதே பல் டாக்டரிடம் பல் பிடுங்கப் போய் நான் மயங்கி விழுந்தபோது, அவரிடம் கைக்குட்டையால் விசிறுவதைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அது பயமாக இருந்தது. பயந்தேன் என்று வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, கிண்டலுக்கு நடுவில் ஒளித்து வைத்து அனுப்பினேன். நாற்பதில் அந்த ஒன்றை எப்படி மாமா கண்டுபிடித்தீங்க?

இல்லாத சங்கம் சொன்னதால் அந்தப் பிரிவு செல்லாது என்றால், தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அழைப்பிதழைத் திருப்பி அனுப்பியதும் பொய், அது என் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதில் 'தலைவர் குடும்பத்துடன் வருக' என்று போட்டிருக்கிறது. வரலாமா? அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன், சட்டையை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.