ரிப்பீட் சாரின் சனிக்கிழமை

ஒரு மனிதன் வாரத்தில் ஒன்றரை மணி நேரமாவது யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று, வரிக்கு வரி 'ரிப்பீட்' சொல்லியே அந்தப் பெயர் வாங்கிய இங்கிலீஷ் வாத்தியார் ரிப்பீட் சார் தீர்மானம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை, நாலாவது பீரியடில், ஒன்பதாம் வகுப்பின் நடுவே நின்றுகொண்டு.

அன்றைய நிலவரம் அப்படி. ஆங்கிலத்தில் 'பென்' என்று சொல்லும்போது வாயிலிருந்து காற்று வர வேண்டும் என்று புரியவைக்க, நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லியிருந்தார். காகிதம் லேசாக ஆட வேண்டும். நாற்பதும் பறந்தன. "ஆடணும்னு சொன்னேன், பறக்கணும்னா சொன்னேன்?" என்று அவற்றைப் பொறுக்க வைத்துவிட்டு, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்லும் ஓசைக்குப் போனார். நாற்பது நாக்கும் ஒரே சமயத்தில் வெளியே நீண்டபோது ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை போய்க்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டு அனுப்பினார். நாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய இடியாகப் போட்டார். இங்கிலீஷில் வாய் திறக்கக் கூசுகிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு பேச்சு வகுப்பு. சார்தான் எடுக்க வேண்டும்.

ரிப்பீட் சாருக்கு ஆபத்து வந்தால்தான் மூளை வேலை செய்யும். "மேடம், நான் வகுப்பு எடுத்தா நாப்பது பேர் கேப்பாங்க. வீட்டுல ஒக்காந்து பாடத்தை ஒலிப்பதிவு பண்ணிக் குடுத்தா வருஷா வருஷம் பள்ளிக்கூடமே கேக்கும். சனிக்கிழமைய அதுக்குத்தான் ஒதுக்கி வச்சிருக்கேன்."

தலைமையாசிரியைக்குக் கண் கலங்காத குறை. வகுப்புக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு சோறு பிசைந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பட்டம் வாங்கியவள், ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். குழந்தைகள் பிறந்த இந்த இரண்டு வருஷமாகச் சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது.

"அந்த வகுப்ப நான் எடுக்கட்டுமா?"

"நீயா?"

"ஏன், நான் படிக்கலையா?"

"படிப்பெல்லாம் சரிம்மா. உச்சரிப்பு? எங்க, 'வெரி வெல்'னு சொல்லு."

சொன்னாள்.

"பாத்தியா? ரெண்டுக்கும் ஒரே வாய். 'வெரி'க்குப் பல்லு உதட்டைத் தொடணும். 'வெல்'லுக்கு உதடு குவியணும். புள்ளைங்க சிரிச்சுடுவாங்க."

"கத்துக்கிட்டா?"

"கத்துக்கிட்டாலும், அந்த நேரத்துல இதுங்க ரெண்டையும் யாரு பாக்கறது? எனக்குத்தான் பதிவு இருக்கே."

"பதிவு இல்லாட்டி பாத்துப்பீங்களா?"

"இல்லாட்டி தாராளமா. ஆனா இருக்கே."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாவிட்டால் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கிற கணவன்மார்களில் அவரும் ஒருவர்.

முதல் சனிக்கிழமை, பாவம், உண்மையாகவே பதிவு செய்தார். முன்னறைக் கதவைத் தாழிட்டு, தெருச் சத்தம் வராமல் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பாடம். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்காக விரல் விட்டு நாலு எண்ணி இடைவெளி விட்டார். நடுவில் எங்கோ விழுந்த ஒரு தும்மலைத் தவிர, கேட்டால் குறையே சொல்ல முடியாத பதிவு. அன்று சாயங்காலம் அதைத் தானே போட்டுக் கேட்டு ரசித்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை கதவைத் தாழிட்டார். ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்து முழுச் சத்தத்தில் முதல் பாடத்தைத் தட்டிவிட்டார். கம்பியில்லாத ஜன்னல் வழியாகப் பக்கத்துச் சந்தில் குதித்து சைக்கிள் கடைக்குப் போனார். அங்கே கடைக்காரரும் கேரம் பலகையும் காத்துக்கொண்டிருந்தனர்.

உலகத்திலேயே ஒரே நேரத்தில் வீட்டில் உழைத்துக்கொண்டும் வெளியில் விளையாடிக்கொண்டும் இருந்த ஒரே வாத்தியார் அவர்தான். பாடம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜன்னல் ஏறி வந்து, களைத்த முகத்தோடு கதவைத் திறப்பார். மனைவி வெந்நீரில் உப்புப் போட்டு நீட்டுவாள். "தொண்டை என்னத்துக்காகும்? கொப்பளிங்க." அவரும் கொஞ்சம்கூடக் கூசாமல் கொப்பளிப்பார். இப்படியே எட்டு வாரம் ஓடிவிட்டது.

ஒன்பதாவது வாரம் ஆட்டத்தின் நடுவே சைக்கிள் கடைக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. சார் சீக்கிரமே திரும்பினார். ஒரு காலை ஜன்னலுக்கு உள்ளே போட்டார். மறு கால் இன்னும் சந்தில் இருந்தது. உள்ளே அவர் குரல் ஆறாவது பாடத்தை ஆரம்பித்திருந்தது. மரியாதையாகச் சுருக்கமாகப் பதில் சொல்வது எப்படி என்பது அந்தப் பாடம்.

கதவுக்கு வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு தலைமையாசிரியையின் குரல்.

"தொந்தரவு வேண்டாம்மா. நீங்க வரச் சொன்னீங்களேன்னு வந்தேன், அவர் வேலை பாக்கற அழகைக் கேட்டுட்டுப் போறேன்."

சாருக்கு மறு காலும் உறைந்துபோயிற்று.

"தொந்தரவே இல்ல மேடம்" என்றாள் மனைவி. "பதிவு நடக்கும்போது கதவைத் திறக்க மாட்டார். ஆனா நடுவுல விடற இடைவெளியில ஏதாவது கேட்டா பதில் சொல்வார். என்ன, இங்கிலீஷ்லதான் கேக்கணும்."

"அப்படியா? அது பதிவுல விழுந்துடாதா?"

"அப்புறமா அழிச்சுக்குவார். பொறுமைசாலி."

உள்ளே பாடத்தில் ஒரு வாக்கியம் முடிந்தது. அந்த நாலு எண்ணிக்கை இடைவெளியில் மனைவியின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"வில் யூ லுக் ஆஃப்டர் த சில்ட்ரன் ஆன் சாட்டர்டேஸ்?"

"யெஸ், ஐ வில்" என்றது ஒலிபெருக்கி. அவர் குரல்தான். எவ்வளவு கனிவு.

குழந்தைகளைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். பாய்ந்து போய் அதை நிறுத்தலாம். நிறுத்தினால் கதவைத் தட்டுவார்கள். திறந்தால் பதில் சொன்னது ஒலிபெருக்கி என்பது தெரியும். 'முடியாது' என்று கத்தலாம் என்றால், அதே நேரத்தில் 'முடியும்' என்று அவரே மேஜையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு குரல் இருப்பதைத் தலைமையாசிரியையிடம் எப்படி விளக்குவது?

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் இங்கிலீஷில், நாம் தமிழில் கேட்டுக்கொள்வோம். உங்களுக்குச் சிரமமாக இருக்காதா?

"நாட் அட் ஆல்."

அன்றைக்கு ராத்திரிச் சமையல்?

"வித் ப்ளஷர்."

பாத்திரம் எப்போதெல்லாம் தேய்த்துத் தருவீர்கள்?

"எவ்ரி டே" என்றது அந்தப் பாவி ஒலிபெருக்கி, அழகான ஏற்ற இறக்கத்தோடு.

தலைமையாசிரியை "அடடா, அடடா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஆனால் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவருக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. ஒரு கேள்விகூட ஒரு விநாடி முன்னே விழவில்லை, பின்னே விழவில்லை. ஒவ்வொன்றும் இடைவெளிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அது மட்டுமா? 'வில்' என்னும்போது உதடு குவிவது கதவைத் தாண்டிக் கேட்டது. 'த சில்ட்ரன்' என்னும்போது நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் போய்வந்தது. கேள்வியின் கடைசியில் குரல் எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. ஒன்பதாம் வகுப்பில் நாற்பது நாக்கை வைத்துக்கொண்டு அவரால் வரவழைக்க முடியாத ஓசை, சோறு பிசைகிற வீட்டிலிருந்து அத்தனை சுத்தமாக வந்துகொண்டிருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்து, அடுத்த கேள்விக்குக் காது கொடுத்துக் காத்திருந்தார்.

தலைமையாசிரியை எழுந்து கதவருகே வந்தார். "சார், நீங்க பதிவ நிறுத்த வேண்டாம். ஆள் தேடி நான் எங்கெங்கயோ அலைஞ்சேன். உங்க வீட்டுலயே இருக்காங்க. வர்ற சனிக்கிழமையிலேர்ந்து உங்க மனைவிதான் வகுப்பு எடுக்கறாங்க. குழந்தைங்க பக்கத்துல இருந்தா நீங்க எப்படியும் பதிவு பண்ண முடியாது. பண்ணின வரைக்கும் போதும், குடுத்துடுங்க."

"தேங்க் யூ வெரி மச்" என்று ஆறாவது பாடம் முடிந்தது.

வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் மறு காலை உள்ளே எடுத்தார். தாழை நீக்கினார். மனைவி எதிரே நின்றாள், இடுப்பில் ஒரு பெண், கையைப் பிடித்தபடி ஒரு பெண். முகத்தில் சிரிப்புகூட இல்லை. அந்த நிதானத்தைப் பார்த்ததும் அவருக்கு மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"எப்படி?"

"மொத வாரம் கதவுகிட்ட நின்னு ஒரு தும்மல் போட்டேன். அடுத்த வாரம் நான் சமையல் ரூம்ல வாய மூடிட்டு நிக்கறேன், என் தும்மல் உள்ளேர்ந்து வருது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பிலிருந்த குழந்தையை அவள் அவர் மடிக்கு மாற்றினாள். கையைப் பிடித்திருந்தது தானாகவே ஏறிக்கொண்டது.

"ரெண்டாவது வாரமே தெரிஞ்சும், இத்தனை நாள் ஒரு வார்த்தை கேக்கலையே? வெந்நீர் வேற வச்சுக் குடுத்தியே?"

"பின்ன?" என்றாள் மனைவி. "நான் பாஸாகற வரைக்கும் வாத்தியாரப் பகைச்சுக்க முடியுமா?"