படத்தில் நாலாவது ஆள்

பூஞ்சணத்தைத் துடைக்கப் போய், ஜெயகுமார் ஒரு மனுஷனின் முகத்தையே கரியாக்கிவிட்டான்.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதி. ஜெயகுமார்தான் அங்கே சமையல், துப்புரவு எல்லாம். முன்னறையில் மாட்டியிருந்த படம், நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெட்டிக் கமராவைத் தூக்கிக்கொண்டு ஊவா மலையெல்லாம் சுற்றிய ஒரு வெள்ளைக்காரர் எடுத்தது. பங்களாப் படிக்கட்டில் நாலு வேலைக்காரர்கள். நாலாவது ஆளின் முகத்தில் மட்டும் பூஞ்சணம் அப்பிக் கிடந்தது. அந்த முகத்தை இந்தக் காலத்தில் எவரும் கண்டதில்லை.

படமெடுத்தவரின் வம்சத்தில் வந்த ஓர் அம்மா வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. படத்துக்கு ஏதாவது ஆனால் வேலையும் கிடையாது, பின்கட்டில் குடியிருக்கும் அறையும் கிடையாது என்று முதலாளி ஸாஹிர் சொல்லிவைத்திருந்தார்.

கரியைப் போக்க, ஊறுகாய்க்குப் போடும் வினாகிரியைத் தொட்டுத் தேய்த்தான். கரி பரவியது. அடுப்படியில் காயவைத்தான். தாள் சுருண்டது. மனைவி தயானியின் மைப் பென்சிலை எடுத்துக் கண்ணும் மூக்கும் வரைந்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. அந்தக் குரங்கோ, அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவனையே பார்த்தது. கண்ணுக்குள் மணியே அவன் வரையவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே பதுளைக்கு ஓடினான். பழைய படங்களைப் பழுது பார்ப்பதில் ஸ்டூடியோ ஷாமில் கெட்டிக்காரர். நடந்ததைச் சொல்ல வெட்கம்; ஒட்டுவதற்கு வேறு மூஞ்சியும் கைவசம் இல்லை. படத்தை நீட்டி, சட்டைப்பையில் கிடந்த தன் ஐடென்டிட்டி கார்டை அதன்மேல் வைத்தான்.

"மூஞ்சி சரியா வரணும் ஷாமில் நானா," என்றதோடு வெளியே வந்துவிட்டான்.

பின்னேரம் வாங்கிப் பார்த்தால், நாலாவது ஆளாக ஜெயகுமாரே நின்றான். அச்சு அசல். நூறு வருஷமாக அங்கேயே நின்றவன் மாதிரி. வேலையென்றால் இதுதான் என்று பாராட்டினான். ஷாமில் கார்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார்.

தயானிக்குப் பிடிக்கவே இல்லை.

"செத்தவங்க வரிசையில உசிரோட இருக்கிற நீங்க எதுக்குப் போய் நிக்கிறீங்க?"

படத்தின்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள். விடிந்து பார்த்தால் துவாய் அழகாக மடித்துக் கீழே இருந்தது. அவள் மடித்தாள் என்று அவனும், அவன் மடித்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். வெளியே மலை தெரியாமல் மிஸ்ட் கட்டியிருந்தது. படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்த ஜெயகுமாரைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் வாசிக்க, ஸாஹிர் தமிழில் சொன்னார்.

"படமெடுத்த இவங்கட பூட்டன் எழுதி வெச்சிருக்கார். படியில மூணு பேரைத்தான் நிறுத்தினாராம். கமராத் தகட்டைக் கழுவிப் பார்த்தா நாலு பேர் நிக்கிறாங்களாம்."

அந்த நாலாவது முகத்தைப் பார்க்கத்தான் அந்த அம்மா இத்தனை தூரம் வந்தாராம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. ஜெயகுமாருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், தன் மூஞ்சியைப் பார்த்து ஒரு மனுஷி அழுகிறாளே. வினாகிரி முதல் ஸ்டூடியோ வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"அது நான்தாங்க. நான் குடுத்த மூஞ்சிதாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஸாஹிர் கொதித்துப்போனார். இன்றைக்கே அறையைக் காலி பண்ணச் சொன்னார். உடனே ஷாமிலுக்குப் போனெடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். ஒட்டின மூஞ்சியை உரித்துவிட்டுப் பழைய மூஞ்சியைத் தர முடியுமா என்று கேட்டார்.

போனில் ஷாமிலின் குரல் வந்தது.

"நான் ஒண்டும் ஒட்டல்ல ஸேர். கரியத் துடைச்சதும் உள்ளுக்கு ஜெயகுமார்தான் நிண்டார். அதே ஆள்தானான்னு பார்க்கத்தானே அவர் ஐடென்டிட்டி கார்டத் தந்தார்?"