மாப்பிள்ளை கழுவிய ஸ்கிம்மர்

மாமியார் வீட்டில் மாப்பிள்ளை செய்வதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். அந்த மரியாதையின் தயவில் நான் ஒரு கொலை செய்திருக்கிறேன்.

என் மாமனார் துபாயில் ஒரு ஹோட்டலின் மீன் தொட்டிகளைப் பராமரித்தவர். வேலையை விட்டுப் புதுக்கோட்டைக்கு வந்ததும் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். தண்ணீர் கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து கேன்களில் வரும். உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பெயர் ராசா, ராசாத்தி. மாமா இறந்தபின் அத்தைக்கு அவைதான் பேச்சுத்துணை. காலையில் இரை போட்டுக்கொண்டே, பால்காரர் வராதது முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை ஒன்று விடாமல் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடே இறங்கும்.

மாமாவின் முதல் தெவசம் நெருங்கியபோது தொட்டித் தண்ணீர் மங்கிக் கிடந்தது. ஸ்கிம்மர் பழுதாகிவிட்டது. (தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ‘சம்ப்’ என்று இன்னொரு சின்னத் தொட்டி உண்டு; மேல்தொட்டித் தண்ணீர் அதற்குள் இறங்கித் திரும்ப மேலே போகும். அதில் நின்றுகொண்டு, குமிழி விட்டு, அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் தள்ளுகிற சாதனம் அது.)

“நீங்க கவலைய விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்” என்று புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவன். சோப்புப் போட்டால் ஏன் நுரைக்கிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன். அப்பேர்ப்பட்ட மேதை, புது ஸ்கிம்மரில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, நாரால் தேய்த்துக் கழுவினேன்.

அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே…”

“என்ன அத்தை?”

“ஒண்ணுமில்ல. காபி போடவா?”

தெவசத்தன்று காலை கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அப்போதுதான் ஸ்கிம்மரை சம்ப்பில் இறக்கி சுவிட்சைப் போட்டேன். (நாலு பேர் பார்க்க வேண்டாமா?) சற்று நேரத்தில் கிண்ணம் நுரையால் நிரம்பி வழிந்தது.

“பாத்தீங்களா, எம்புட்டு அழுக்கு!” என்றேன்.

“மாப்ள கெட்டிக்காரரு” என்றார் மாமாவின் அண்ணன்.

அவர் வாய் மூடுவதற்குள் நுரை அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. தரையில் ஊர்ந்து அவர் காலைத் தொட்டது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். அது நேராக மாமா படத்துக்கு முன்னால் போய்ப் படையல் இலையில் ஏறி வடையை மூடியது. கூடம் முழுக்க எலுமிச்சை வாசனை.

என் மனைவி மலர் மோந்து பார்த்தாள். “அடப்பாவி மனுசா! சோப்புப் போட்டா கழுவுனீங்க?”

நான் சுவிட்சை அணைத்தேன். அதற்குள் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து திணறிக்கொண்டிருந்தன. மாற்றி ஊற்ற நல்ல கடல்நீர் ஒரு சொட்டு இல்லை. கட்டிய வேட்டியோடு காரை எடுத்துக்கொண்டு கோட்டைப்பட்டினத்துக்கு ஓடினேன். படகுகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கேன்களை நிரப்பினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அத்தை சாப்பிடாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். ராசா மிதந்துகொண்டிருந்தது.

“இதுவும் என்னைய மாதிரி ஒத்தையாப் போச்சு மாப்ளே” என்றார், ராசாத்தியைக் காட்டி.

“நான் கழுவுறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை?”

“அவுக வெறுந்தண்ணியிலதான் கழுவுவாக. சொல்லத்தான் வந்தேன். மாப்பிள்ளகிட்ட எப்படிச் சொல்றது?”

கேனைக் கையில் பிடித்தபடியே அழுதுவிட்டேன். புதுத் தண்ணீரில் ராசாத்தி மட்டும் பிழைத்தது.

இன்றைக்கும் அந்த வீட்டில் நான் கைகழுவ சோப்பை எடுத்தால் போதும், “மீனெல்லாம் பத்திரமா?” என்று ஒரு குரல் வரும். சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். அத்தையோ அன்றோடு மரியாதை பார்ப்பதை நிறுத்திவிட்டார். என் சட்டை நன்றாக இல்லையென்றால் இல்லை என்கிறார். காலையில் ராசாத்தியிடம் என்னைப் பற்றித்தான் முதல் புகார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்.

போன வாரம் தொட்டிக்கு மேலே இருக்கிற லைட் எரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

“எறங்குங்க மாப்ளே. ஒங்களுக்கு அதெல்லாம் வராது.”

இறங்கினேன். அத்தை ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.