லண்டனுக்கு ஆறு மணி நேரம்

"ஆறு மணி நேரம்னுதானே சொன்னீங்க? மணி பன்னிரண்டாகுது. ஜோனத்தான் போன் இன்னும் ஆஃப்லயே இருக்கே!"

புஷ்பம் மறுபடியும் மகன் நம்பரை அழுத்தினாள். அவனுக்கு இதுதான் முதல் விமானம். அவன் லண்டனில் இறங்கும்வரை ஜெபம் அறுபடக் கூடாது என்று, சபையில் ஆறு பெண்களைப் பிடித்து, அவரவர் வீட்டிலிருந்தே ஆளுக்கு ஒரு மணி நேரமாகச் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்திருந்தாள். ஆறாவது ஆளும் ஆமென் சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டார்.

கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவள் கணவர் லாசரஸ், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். புறப்பாடு காலை ஐந்தரை, வருகை பதினொன்றரை, கழித்தார். முப்பத்தெட்டு வருஷம் எந்த ரயிலுக்கும் பொய்க்காத கணக்கு.

எதிர் வீட்டு ஜென்சி எட்டிப் பார்த்தாள். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். "அங்கிள், பதினொன்றரைங்கிறது லண்டன் டைம். நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம்."

"அப்படியா?" லாசரஸ் அந்த ஐந்தரையையும் கழித்தார். அரை மணி நேரம் வந்தது.

"அரை மணி நேரத்துல லண்டனா? தாம்பரத்துலேருந்து பீச் ஸ்டேஷன் போகவே ஒரு மணி நேரம் ஆகுதுங்க!" என்றாள் புஷ்பம்.

"கூட்டணும் அங்கிள். எட்டாயிரம் கிலோமீட்டர், பதினொன்றரை மணி நேரம். நம்ம டைம் அஞ்சு மணிக்குத்தான் இறங்குவாங்க."

புஷ்பம் தலையில் கை வைத்தாள். "அப்போ அரை மணி நேரமா என் பிள்ளை ஜெபமே இல்லாம பறந்துட்டிருக்கானா!"

லாசரஸ் தெம்பாக போனை எடுத்து, பழக்கதோஷத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்: 'லண்டன் விமானம் ஐந்தரை மணி நேரம் தாமதம்.'

பத்து நிமிஷத்தில் ஊரே பதறியது. கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா அழுதுகொண்டே விமானத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தி, மறுபடி முறை போட்டார்கள். மூன்றிலிருந்து நான்குவரை மட்டும் ஆள் இல்லை. போன வாரம்தான் சர்ச்சில் காவலுக்குச் சேர்ந்த ஜெபராஜிடம், யாராவது கிடைத்தால் பார்க்கச் சொன்னார் லாசரஸ்.

"ஏன், நீங்க உக்காரக் கூடாதா?" என்றாள் புஷ்பம்.

லாசரஸ் போனைக் கீழே வைத்தார்.

"போகலப்பான்னு ஏர்போர்ட் வாசல்லகூட கெஞ்சினான், புஷ்பம். எனக்கு வந்த கோபத்துல, இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எந்த வாயால ஜெபம் பண்றது?"

புஷ்பம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜெபராஜ் கூப்பிட்டான்.

"சார், ஆள் கிடைச்சாச்சு. காலையிலேருந்து கடைசி பெஞ்சுல ரெண்டு பெரிய பெட்டியோட ஒரு தம்பி உக்காந்துகினு இருக்காரு. லண்டன் போற பையனுக்காகன்னு சொன்னேன். அப்படியே அவங்க அப்பா கோபம் தணியறதுக்கும் சேர்த்து ஜெபிக்கலாமான்னு கேக்குறாரு. இன்னா சார் சொல்லட்டும்?"