தங்கையனின் தங்கப் பாடல்கள்

நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பாட்டுக்காரர் தங்கையனே டீக்கடையில் சொன்னது. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அவர் கூட்டியிருந்தால் நான் பொறுப்பல்ல.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் தங்கையன் பாடாத மேடை இல்லை. இரண்டு கட்சிக்கும் பாடுவார். மெட்டு ஒன்றுதான், தோளில் துண்டு மட்டும் மாறும். 1986 தை மாதம் அவர் ஒரு சபதம் செய்தார். இருபது வருடம் பாடியதில் சிறந்ததைப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போட வேண்டும். பேர்கூட முடிவாகிவிட்டது: 'தங்கையனின் தங்கப் பாடல்கள்.'

அதே தை மாதம் நிலத்துக்கு ஆபத்து வந்தது. நாவலடி என்ற வயலில் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தை, குடும்பம் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தது. சேற்றில் இறங்கியது மனைவி செவ்வந்தி. வரப்பில் நின்று தொண்டையைப் பாதுகாத்தது தங்கையன். பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் பன்னிரண்டு வருடம் வந்து குத்தகை நெல்லை அளந்து போனார். ரசீது கேட்டால், "எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கண் கலங்குவார். இப்போது, "குத்தகையா? எந்தக் குத்தகை? நிலத்தை விடு" என்றார். பங்குனியில் தாசில்தார் விசாரணை.

"ஏங்க, விசாரணையில என்னத்தக் காட்டப் போறீங்க?"

"என்னையே காட்டுவேன். என் பாட்டக் கேக்காத தாசில்தார் உண்டா?"

"பாட்டக் கேட்டா குத்தகையப் பதிவு பண்ணுவாரா?"

"கேசட் வரட்டும். அப்புறம் பேசு புள்ள."

கும்பகோணத்தில் குழந்தைராஜ் ஸ்டுடியோவில் பதிவு. செவ்வந்தி தூக்குச்சட்டியில் சோற்றோடு கூடப் போனாள். தங்கையன் தங்கத்தையெல்லாம் பாடித் தீர்த்துவிட்டார். தொண்டையும் தீர்ந்தது. பி பக்கத்தில் நாலு நிமிடம் தீரவில்லை.

"சும்மா ஓடவிட்டா டேப்பு ரிப்பேருன்னு நெனைப்பாங்கண்ணே" என்றார் குழந்தைராஜ்.

"நான் வேணா நடவுப்பாட்டு ஒண்ணு பாடட்டுங்களா?" என்றாள் செவ்வந்தி.

தங்கையன் யோசித்தார். "பாடு. ஆனா அட்டையில உம்பேரு வராது."

"அட்டையில எதுக்குங்க? பாட்டுல வந்தாப் போதும்."

எங்கள் பக்கத்து நடவுப்பாட்டில் வயலின் பேர், வரப்பில் நிற்பவர் பேர் எல்லாம் வைத்துப் பாடுவது வழக்கம். தன் பேர் வந்ததும் மனிதர் குளிர்ந்துபோய் வெற்றிலைக்கு ஏதாவது கொடுப்பார்.

கேசட் வந்தது. அட்டையில் ஜிப்பா போட்ட தங்கையன் சிரித்தார். கீழே அவரே எழுதிக் கொடுத்த வாசகம்: 'சேறு படாத பாதம், சோர்வு படாத நாதம்.'

விசாரணையில் பஞ்சநதம் நீட்டியது அந்த அட்டையைத்தான்.

"சேறே படாத பாதமாம், ஐயா. அவரே அச்சடிச்சிருக்காரு. இவரா பயிர் வச்சாரு?"

தாசில்தார் தங்கையனின் பாதத்தைப் பார்த்தார். தங்கையன் அதை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தங்கப் பாடல்கள் மூன்று மாவை விழுங்கப் பார்த்தன.

செவ்வந்தி எழுந்தாள். "அவரு கால் வைக்கலைங்கய்யா. நட்டது நானு. அந்தக் கேசட்டையே போட்டுக் கேளுங்க. பி பக்கம், கடைசிப் பாட்டு."

எதிர் டீக்கடையிலிருந்து டேப்ரிக்கார்டர் வந்தது. தாசில்தார் ஆபீஸில் செவ்வந்தியின் குரல் எழுந்தது.

"நாவலடி மூணு மா
நட்டதிந்த செவ்வந்தி கை
பன்னெண்டு வருசமா
பதர் தூத்தி அளந்து போன
பஞ்சநதம் மகராசர்
பல்லக்குப் போல வாராரே..."

பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. அதுவரை அவரை யாரும் மகராசர் என்று பாடியதில்லை, திட்டியதுதான் உண்டு.

"நாந்தாங்கய்யா அது!" என்று எழுந்தே விட்டார். "பதர் தூத்தாம ஒரு மரக்கா வாங்கமாட்டேன். ஒரு வருசம் தவறுனதில்ல!"

தாசில்தார் பேனாவைத் திறந்தார். பஞ்சநதம் வாயை மூடினார். ஆனால் வருடா வருடம் குத்தகை நெல் வாங்கியதை அந்த வாய் அதற்குள் சொல்லி முடித்திருந்தது.

"ஆக, என் கேசட்டாலதான் தம்பி நெலம் நின்னுச்சு" என்று தங்கையன் டீயை முடித்தார்.

எனக்கு உறுத்தலாகவே இருந்தது. பிறகு ஒருநாள் அந்த உத்தரவின் நகலை வாங்கிப் படித்தேன். சாகுபடிதாரர்: செவ்வந்தி. சான்று: ஒலிநாடா ஒன்று, பி பக்கம் மட்டும்.