நாடாளுமன்றக் குழுவுக்கு நான் வாங்கிக்கொடுத்த இட்லி

வெளியூரில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் தமிழனின் வாய்க்குப் பூட்டு கிடையாது. ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் தன் சர்க்கரை வியாதி முதல் மைத்துனனின் விவாகரத்து வரை ஒப்பித்துவிட்டு, இறங்கும்போதுதான் அவர் பெயரைக் கேட்பான். எனக்கும் அந்த வியாதி உண்டு. அது முற்றிப்போன ஒரு காலையில் நான் இந்தியாவின் பாதுகாப்புச் செலவு பற்றிப் பேசிவிட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கல்கத்தாவில், கிடர்பூர் பக்கம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இளநிலை அதிகாரியாக இருந்தேன். (பெயர் சொல்ல மாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.) கல்யாணமான புதிது. மனைவி கல்யாணிக்குக் குரோம்பேட்டையில் நிரந்தரமான டீச்சர் வேலை. நான் லேக் கார்டன்ஸில் ஒற்றை அறையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்டிடி பூத்தில், மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி குடும்பம் நடத்தினோம். ஆவடிக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் டைரக்டர் பட்டாச்சார்ஜி சாரின் மேஜையில் இருந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நான் ரயில் ஏறிவிடலாம்.

“நாடாளுமன்றக் குழு வருகிறது. அது நல்லபடியாக வந்துவிட்டுப் போகட்டும். மறுநாளே போடுகிறேன்” என்றார்.

ராணுவத்துக்கு ஒதுக்கும் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க எம்.பி.க்கள் அடங்கிய குழு ஒன்று உண்டு. அவ்வப்போது ஊர் ஊராகப் போய் நேரிலும் பார்க்கும். அது வரும் செய்தி கிடைத்ததும் எங்கள் தொழிற்சாலை கல்யாண வீடாகிவிட்டது. மரங்களுக்குக் காவியும் வெள்ளையும் அடித்தார்கள். பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. தலைவருக்கு முதுகுவலி என்று யாரோ சொன்னதால், அவருக்கான நாற்காலியில் மூன்று அதிகாரிகள் மாறி மாறி உட்கார்ந்து பார்த்து அறிக்கை கொடுத்தார்கள்.

அவர்கள் பார்க்கக் கூடாத பொருள் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. உலோகம் கடையும் ராட்சத இயந்திரம். சோவியத் யூனியனில் வாங்கியது. அவர்களுடைய என்ஜினியர்கள் வந்துதான் பெட்டியைத் திறந்து மாட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர்கள் கிளம்புவதற்குள் அந்த நாடே உடைந்துவிட்டது. இயந்திரம் செய்த தொழிற்சாலை ஒரு நாட்டிலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் வேறொரு நாட்டிலும் போய்ச் சேர்ந்தார்கள். இனி எந்தத் தூதரகத்துக்கு எழுதுவது என்று டில்லியில் இரண்டு அமைச்சகங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. இயந்திரம் எங்கள் பின்பக்க ஷெட்டில் மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பெட்டியின் மேல் கேரம் போர்டு இருந்தது.

குழு வருவதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்பது எங்கள் வழக்கம். அதிகாரிகளில் சிலர் எம்.பி.க்களாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். டைரக்டர் பதில் சொல்லிப் பழகுவார். என் பக்கத்து மேஜைக்காரர் ஷ்யாமல்-தா (‘தா’ என்றால் அண்ணன்) குழுத் தலைவராக உட்கார்ந்தார். குழுவில் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் இருந்ததால் அந்த வேஷம் எனக்கு. நான் காலேஜ் நாடகத்தில் பிணமாக மட்டுமே நடித்தவன். வசனம் உள்ள வேஷம் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இங்கிலீஷில் கேட்டேன்.

“இயந்திரத்தை அனுப்பிய நாடே உடைந்துவிட்டது. அதன் பெட்டியை மட்டும் ஏன் இன்னும் உடைக்கவில்லை?”

சிரித்தார்கள். கைதட்டினார்கள். பட்டாச்சார்ஜி சார்கூட ஒருமுறை மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார். பிறகு, “மிக நல்ல கேள்வி. இதை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

அதற்கும் வழி இருந்தது. சுற்றிப்பார்க்கும் பாதையில் பின்பக்க ஷெட் வராது. கூட்டத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்தார்கள். சாப்பாட்டில் கடுகு அரைத்துவிட்ட இலிஷ் மீன், ஆட்டுக்கறி, மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிர். இவ்வளவையும் உள்ளே தள்ளிவிட்டுப் பாதுகாப்புச் செலவு பற்றிக் கேட்க எந்த ஜனநாயகத்திலும் ஆள் கிடையாது என்பது ஷ்யாமல்-தாவின் கணிப்பு. தமிழ்நாட்டு உறுப்பினரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

உறுப்பினர் தெற்கத்திக்காரர், பெரியவர், சுத்த சைவம். காலையில் ஹோட்டலுக்குப் போனபோது எதிரே இருந்த ரொட்டித் துண்டைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்த ஊர்ல இட்லி கெடைக்குமாய்யா?”

லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். இட்லி, வடை, டவரா செட்டில் காபி. இரண்டாவது வாயிலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது.

“வீட்டுல எல்லாரும் இங்கதானா?”

“இல்லீங்கய்யா. அவங்க மெட்ராஸ்ல. மாற்றல் கேட்டிருக்கேன். கெடைச்சிடும்.”

“நல்லது. எனக்கு இந்தக் கமிட்டில ஒண்ணும் ஓட மாட்டேங்குது தம்பி. விவசாயக் கமிட்டி கேட்டேன், ராணுவத்துல போட்டுட்டாங்க. எனக்குத் துப்பாக்கின்னா குருவி சுடுறது. எல்லாரும் ஏதேதோ கேக்குறாங்க, நான் தலையாட்டிட்டு வந்துடுறேன்.”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி, “இன்னொரு வடை சொல்லட்டுமா ஐயா?” என்று கேட்டிருப்பான். நானோ ஒத்திகையை நடித்துக் காட்டினேன். முழுதாக. கண்ணாடியைக் கழற்றி டவராவின் மேல் தட்டினேன். பட்டாச்சார்ஜி சார் மின்விசிறியைப் பார்த்ததையும், கேரம் போர்டையும், பெட்டிக்குப் பின்னால் நாய் குட்டி போட்டதையும் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் தமிழில் யாரையும் சிரிக்க வைக்காதவனுக்கு அது பெரிய போதை.

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. “நல்லாப் பேசுதீய தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியை ஆற்றிக் குடித்தார்.

மத்தியானம் எல்லாம் திட்டப்படி நடந்தது. இலிஷ் தன் கடமையைச் செய்தது. டைரக்டர் ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டக் காட்ட ஒவ்வோர் உறுப்பினராகச் சாய்ந்தார்கள். தலைவர், மூன்று பேர் சோதித்த நாற்காலியில் சுகமாகக் கண்மூடி இருந்தார். “கேள்விகள் ஏதும்...?” என்று கேட்டபடியே பட்டாச்சார்ஜி சார் ஃபைலை மூடிவிட்டார். எனக்கு அப்போதே ஆவடி கண்ணில் தெரிந்தது.

தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டிருந்த ஒருவர் கையைத் தூக்கினார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். நாடு உடைந்தது, பெட்டி ஏன் உடையவில்லை என்று ஒரு வார்த்தை மாறாமல் கேட்டார். நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். என்னைவிட நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஷ்யாமல்-தா மெதுவாக என் பக்கம் திரும்பி, “ஷேஷ்” என்றார். வங்காள மொழியில் ‘முடிந்தது’ என்று அர்த்தம். பட்டாச்சார்ஜி சார் மின்விசிறியைப் பார்த்தார்.

“அப்புறம், அந்த நாய்க்குட்டிகளெல்லாம் சௌக்கியமா?” என்று உறுப்பினர் விசாரித்தார்.

தலைவர் விழித்துக்கொண்டார். எந்தப் பெட்டி, எங்கே என்று கேட்டார். பத்து நிமிடத்தில் குழு முழுவதும் பின்பக்க ஷெட்டில் நின்றது. கேரம் ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவர்களில் ஒருவன் கையிலிருந்த ஸ்டிரைக்கரை எங்கே வைப்பது என்று தெரியாமல் டைரக்டரிடமே கொடுத்துவிட்டான்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். கார் ஏறும்போது உறுப்பினர் என் தோளில் கைபோட்டு எல்லார் முன்னிலையிலும் இங்கிலீஷில் சொன்னார்.

“எல்லாம் இந்தப் பையன் சொன்னதுதான். ரொம்ப நல்ல பையன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.”

“கட்டாயம் சார்” என்றார் பட்டாச்சார்ஜி சார்.

அவர் திட்டவில்லை, மெமோவும் கொடுக்கவில்லை. பெரிய மனிதர். குழு அந்தப் பெட்டி பற்றி அறிக்கையில் எழுதியது. அப்படி எழுதிவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று நாங்கள் பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை டைரக்டர் எனக்குக் கொடுத்தார். என் மாற்றல் விண்ணப்பத்தில் அழகான கையெழுத்தில், ‘நாடாளுமன்றக் குழு விவகாரங்களில் தனித்திறமை உள்ளவர், இவரை விடுவிக்க இயலாது’ என்று எழுதினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துப்பூர்வமான பாராட்டு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் கல்யாணியிடம் சொன்னேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“சரி, அந்தப் பெட்டிய எப்பங்க தெறப்பாங்க?” என்றாள்.

“எந்த நாட்டுக்கு எழுதணும்னு டில்லில கேட்டிருக்கு.”

“உங்களத் திருப்பி அனுப்பச் சொல்லி நாங்கூட அந்த நாட்டுக்குத்தான் எழுதணும் போலருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஹவுராவில் வந்து இறங்கினாள். விட்டுவிட்டு வந்தது அவளுக்குப் பிடித்த வேலை. அவள் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷத்தை மட்டும் காட்டிக்கொண்டேன். பின்னால் அவளுக்கு லேக் கார்டன்ஸ் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மகள் பிறந்தாள். வங்காளத்தில் சண்டை போடவும் தமிழில் சமாதானம் ஆகவும் கற்றுக்கொண்டாள். பட்டாச்சார்ஜி சார் ரிட்டயர் ஆனார். ஒரு வழியாகப் பெட்டியைத் திறந்தார்கள். இயந்திரம் புத்தம்புதிதாக இருந்தது. அது கடைய வேண்டிய பொருளைத் தயாரிப்பதைத்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம். எனக்கு ஆவடி மாற்றல் உத்தரவும் வந்தது. கல்யாணி அதை வாங்கிப் படித்துவிட்டு, “நீங்க வேணா போயிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம போன் பண்ணுங்க” என்றாள். நான் போகவில்லை.

ஊரில் கல்யாணம் காட்சி என்று போனால், ஏன் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டீர்கள் என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உலக அரசியலிலிருந்து ஆரம்பிப்பேன். மகள் விடமாட்டாள். பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அப்பாவைப் பாபா என்றும் அம்மாவை மா என்றும் சொல்லும் அவளுடைய வங்காள ராகத் தமிழில் சொல்லிவிடுவாள்.

“பாபா ஒரு எம்.பி.க்கு ஒரே ஒரு கேள்வி சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில், மா தான் சொல்லிட்டு இருக்காங்க.”